1993-இன் விமானத்தை இன்றைய மடிக்கணினியில் பறக்க வைப்பது

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 5.0 என்ற விமானம் ஓட்டும் ஆட்டம் வெளிவந்தது 1993-இல். அந்த ஃப்ளாப்பிகள் வீட்டில் பத்திரமாக இருந்தால் பேரனோ பேத்தியோ இன்றும் அதில் பறக்கலாம். ஆனால் புதிய மடிக்கணினியில் நேரடியாக இயக்கப் பார்த்தால் விண்டோஸ் மறுத்துவிடும். அது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்கான நிரல். டாஸ் நிரல்கள் 16 பிட்டுக்காக எழுதப்பட்டவை. 32 பிட் விண்டோஸ், செயலிக்குள் இருந்த ‘மெய்நிகர் 8086’ என்ற வசதியைக் கொண்டு அவற்றை ஓட்டியது. செயலி 64 பிட் நிலைக்குப் போனதும் அந்த வசதி கிடைக்காது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. அதனால் விண்டோஸ் அமைப்புகளை எவ்வளவு மாற்றினாலும் வேலைக்கு ஆகாது. பழைய கணினியையே மென்பொருளாகப் படைத்துத் தரும் எமுலேட்டர் வேண்டும். டாஸ்பாக்ஸ் அப்படிப்பட்டது, இலவசமாகவே கிடைக்கிறது.

அதற்கு முன் ஃப்ளாப்பிகளைக் காப்பாற்ற வேண்டும். யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் ஒன்று போதும். ஃப்ளாப்பியின் மூலையில் இருக்கும் சிறு தாழ்ப்பாளை நகர்த்தித் துளை திறந்திருக்கும்படி வையுங்கள். தவறுதலாக எதுவும் எழுதப்படாது. உலோக மூடியை விலக்கிப் பழுப்பு நிறத் தகட்டைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சை. அந்த ஃப்ளாப்பியை உள்ளே போட்டால் படிக்கும் முனையில் அழுக்கு ஒட்டி, அடுத்து வரும் நல்ல ஃப்ளாப்பியையும் கீறிவிடும். ஒவ்வொன்றையும் முழுப் படிமக் கோப்பாக, அதாவது ஃப்ளாப்பியின் அச்சு அசலான நகலாக, எடுங்கள். 1.44 எம்பி ஃப்ளாப்பியின் படிமம் சரியாக 14,74,560 பைட் இருக்கும். குறைந்தால் முழுதாகப் படிக்கவில்லை என்று பொருள்.

எல்லாப் படிமங்களையும் டாஸ்பாக்ஸில் ‘ஏ’ டிரைவாக வரிசையாக ஏற்றிவிட்டு, நிறுவும் நிரல் அடுத்த டிஸ்க்கைக் கேட்கும்போது கன்ட்ரோல், எஃப்4 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் போதும். ‘சி’ டிரைவாகத் தனிக் கோப்புறை ஒன்றைக் கொடுங்கள். விண்டோஸின் முழு வன்தட்டையும் கொடுக்க வேண்டாம். ஒலிக்கு சவுண்ட் பிளாஸ்டர் என்ற ஒலி அட்டை, முகவரி 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1 என்று தேர்ந்தெடுங்கள். டாஸ்பாக்ஸின் இயல்பான அமைப்பும் அதுவே.

இனி வேகம். டாஸ்பாக்ஸில் ‘சைக்கிள்ஸ்’ (cycles) என்று ஓர் எண் உண்டு. ஒரு மில்லிவினாடிக்குள் எத்தனை கட்டளைகளைச் செய்து முடிக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. 3,000 என்றால் வினாடிக்கு 30 லட்சம் கட்டளைகள். அமைப்பைத் தானியங்கியாக விட்டுவிட்டால் இதுபோன்ற நிரலுக்கு அந்த 3,000-தான் கிடைக்கும். அது 386 என்ற பழைய செயலி கொண்ட ஒரு சாதாரண கணினியின் வேகம். விமானம் திரும்பும்போது காட்சி வெட்டி வெட்டி நகரும். அதற்கு அடுத்து வந்த 486 செயலியின் 66 மெகாஹெர்ட்ஸ் கணினிக்கு நிகரான வேகம் வேண்டுமானால் 25,000 அளவில் வைக்க வேண்டும். அங்கிருந்து தொடங்குவது நல்லது. கன்ட்ரோலுடன் எஃப்12 அழுத்தினால் எண் ஏறும், எஃப்11 அழுத்தினால் இறங்கும். சன்னலின் தலைப்பிலேயே எண் தெரியும்.

கணினிதான் புதிதாயிற்றே என்று பல லட்சத்துக்கு ஏற்றக் கூடாது. சொன்ன கட்டளைகளை அந்த மில்லிவினாடிக்குள் முடிக்க முடியாவிட்டால் அடுத்த மில்லிவினாடி தாமதமாகத் தொடங்கும். என்ஜின் ஒலி விட்டு விட்டுக் கேட்கும், ஆட்டத்தின் கடிகாரமும் பின்தங்கும். ஒலி உடையத் தொடங்கும் இடத்திலிருந்து நன்றாகக் கீழே இறக்கி, அந்த எண்ணை டாஸ்பாக்ஸின் அமைவுக் கோப்பில் நிலையாக எழுதிவிடுங்கள்.

நிலையாக எழுதச் சொல்வதற்குக் காரணம் ஜாய்ஸ்டிக், அதாவது விமானத்தை ஓட்டும் குச்சி. பலரும் அலுத்துப்போய்க் கைவிடுவது இந்த இடத்தில்தான். கையை எடுத்தாலும் விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். குச்சி கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்குவார்கள், அதுவும் சாயும்.

பழைய ஜாய்ஸ்டிக் தன் நிலையை எண்ணாகச் சொல்லாது. குச்சியின் அடியில் 0 முதல் 1 லட்சம் ஓம் வரை மாறும் மின்தடை இருக்கும். குச்சி கணினியோடு பேசும் வாயிலான 201 என்ற போர்ட்டுக்கு நிரல் ஏதாவது எழுதியதும் ஒரு மின்தேக்கி அந்த மின்தடை வழியாக நிரம்பத் தொடங்கும். அது நிரம்பும்வரை ஒரு பிட் 1 ஆகவே இருக்கும். பிறகு 0 ஆகும். ஐபிஎம் வகுத்த கணக்குப்படி அந்த நேரம் 24.2 மைக்ரோவினாடியுடன் ஓம் ஒன்றுக்கு 0.011 மைக்ரோவினாடி கூட்டியது. குச்சி ஓர் ஓரத்தில் இருந்தால் சுமார் 24, நடுவில் 574, மறு ஓரத்தில் 1,124 மைக்ரோவினாடி. அதாவது குச்சியின் நிலை நேரமாக மாறுகிறது. டாஸ் காலத்து நிரல்கள் பல இந்த நேரத்தைக் கடிகாரம் வைத்து அளக்கவில்லை. பிட் 0 ஆகும்வரை எத்தனை தடவை படித்தோம் என்று எண்ணின. செயலியின் வேகம் கூடினால் அந்த எண்ணிக்கையும் கூடும். 10,000 சைக்கிளில் ‘நடு’ என்று பதிந்த எண், 25,000 சைக்கிளில் ஓரத்துக்கு அருகே போய்விடும்.

எனவே வரிசை முக்கியம். முதலில் சைக்கிள்ஸ் எண்ணை முடிவு செய்யுங்கள். அதன் பிறகே ஆட்டத்துக்குள் ஜாய்ஸ்டிக்கைச் சரிப்படுத்துங்கள். அப்படியும் சாய்ந்தால் அமைவுக் கோப்பின் ஜாய்ஸ்டிக் பகுதியில் ‘டைம்டு’ (timed) என்ற வரியை ‘ஃபால்ஸ்’ (false) என்று மாற்றிவிட்டு மறுபடி சரிப்படுத்துங்கள். இப்போது டாஸ்பாக்ஸ் நேரத்தைப் பார்க்காது. நிரல் படிக்கும் தடவைகளையே எண்ணி, உரிய தடவையில் பிட்டை 0 ஆக்கும். வேகத்தோடு இருந்த தொடர்பு அறுந்துவிடும். த்ராட்டிலும் (என்ஜின் விசை) ரட்டரும் (வால் சுக்கான்) இடம் மாறி வேலை செய்தால் ‘ஸ்வாப்34’ (swap34) வரியை மாற்ற வேண்டும். யூஎஸ்பி குச்சியை டாஸ்பாக்ஸ் திறப்பதற்கு முன்பே செருகியாக வேண்டும். பிறகு செருகினால் அதற்குத் தெரியாது.

குச்சி இல்லாவிட்டால் எண்பலகைதான் கைப்பிடி: 4, 6 சாய்க்கும்; 8, 2 மூக்கை இறக்கி ஏற்றும்; 5 நடுவுக்குக் கொண்டுவரும். நம்லாக் அணைந்திருக்க வேண்டும். எண்பலகையே இல்லாத மடிக்கணினியில் கன்ட்ரோல், எஃப்1 அழுத்தி இவற்றை வேறு விசைகளுக்கு மாற்றிக்கொள்ளலாம். குழந்தைக்கு ரட்டரையும் அய்லெரானையும் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடல்) இணைக்கும் தானியங்கி ஒருங்கிணைப்பைப் போட்டுக் கொடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டைக் கவனிக்கும் பாரம் குறையும். ஏற்றும் கட்டளைகளையும் ஆட்டத்தைத் தொடங்கும் வரியையும் அமைவுக் கோப்பின் கடைசிப் பகுதியில் எழுதிவிட்டால் குழந்தை ஐகானை இரண்டு முறை தட்டினாலே போதும். விமானம் சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்ட் விமான நிலையத்தில் காத்திருக்கும். ஏரியை ஒட்டிய அந்த 3,900 அடி ஓடுபாதையை மாநகர நிர்வாகம் 2003 மார்ச் இறுதியில் இரவோடு இரவாக புல்டோசர் விட்டு உடைத்தது. இன்று அந்த இடம் பூங்கா. இதைச் சொன்னால் குழந்தை வரைபடத்தில் தேடிப் பார்க்கும்.

கையில் இருப்பது 2003-இல் வந்த ஃப்ளைட் சிமுலேட்டர் 2004 சிடி என்றால் சிக்கலே வேறு. அந்த நிரல் 32 பிட். விண்டோஸ் 11-இலும் ஓடக்கூடியது. தடுப்பது சிடி அசல்தானா என்று பார்க்கும் சேஃப்டிஸ்க் என்ற பாதுகாப்பு. அதன் டிரைவர் என்ற இயக்கு நிரல் விண்டோஸின் மையத்தில் இயங்கும். அதில் ஓட்டை இருந்தால் கணினி முழுவதும் பிறர் கைக்குப் போய்விடும். அதனால் மைக்ரோசாஃப்ட் 2015-இல் பழைய விண்டோஸ்களில் அதை முடக்கியது. விண்டோஸ் 10-இல் சேர்க்கவே இல்லை. அந்த டிரைவரை இணையத்தில் தேடி எடுத்துப் போடாதீர்கள். விண்டோஸ் எக்ஸ்பி உள்ள பழைய கணினி இருந்தால் இணைய இணைப்பு இல்லாமல் அதில் ஓட்டுங்கள். இல்லையேல் 2014-இல் ஸ்டீம் என்ற இணைய ஆட்டக் கடையில் வெளியான ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் பதிப்பை வாங்குங்கள். அதற்கு சிடி தேவையில்லை.