உள்ள வந்துட்டான்னு வச்சுக்கிட்டு டிசைன் பண்ணுங்க

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு எடத்துக்கு ஆடிட்டுக்குப் போயிருந்தேன். பேக்கப் டெய்லி ஓடுது சார், பாருங்க எல்லாம் பச்சை டிக்குன்னு ஸ்கிரீனைக் காட்டினாங்க. சரி, மெயின் சர்வர் செத்துப்போச்சுன்னு வச்சுக்குங்க, இப்ப ரீஸ்டோர் பண்ணுங்கன்னேன். பேக்கப்பைத் தொறக்க என்க்ரிப்ஷன் கீ வேணும், கீ இருக்கறது பாஸ்வேர்ட் மேனேஜர்ல, பாஸ்வேர்ட் மேனேஜர் ஓடுறது அதே மெயின் சர்வர்ல! பெட்டிக்குள்ள சாவிய வச்சுப் பூட்டின கதைதான். கொஞ்ச நேரம் யாரும் வாயே தொறக்கல.

ஃபயர்வால், ஆன்ட்டிவைரஸ் எல்லாம் வேணும், வேணாங்கல. ஆனா அதையும் தாண்டி ஹேக்கர் ஒருத்தன் உள்ள வந்துட்டா எது நின்னுபோகும், எது தொடர்ந்து ஓடும்னு டிசைன் பண்ணும்போதே யோசிக்கறவங்க கம்மி.

2017 ஜூன்ல நாட்பெட்யாங்கற கம்ப்யூட்டர் வைரஸ் அடிச்சப்ப மெர்ஸ்க் கப்பல் கம்பெனில டொமைன் கன்ட்ரோலர் (யார் எதுல லாகின் ஆகலாம்னு முடிவு பண்ற சர்வர்) ஊர் ஊருக்கு வச்சிருந்தாங்க, ஒண்ணு போனா இன்னொண்ணுல இருந்து காப்பி எடுத்துக்கலாம்னு நம்பிக்கை, ஆனா எல்லாமே ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிட்டு இருந்ததால மொத்தமா போச்சு. கானால இருந்தது மட்டும் தப்பிச்சுது, காரணம் அந்த நேரம் பாத்து அங்க கரண்ட் கட்! அத வச்சுத்தான் மேல எழுந்தாங்க, 4,000 சர்வர், 45,000 பிசி புதுசா போட வேண்டியிருந்துச்சு. கரண்ட் கட்டை நம்பி நாம டிசைன் பண்ண முடியாதுல்ல, அதனால பேக்கப் சர்வரை டொமைன்ல (அந்த டொமைன் கன்ட்ரோலர் ஆளற கூட்டத்துல) சேர்க்காதீங்க, அதுக்கு அட்மின் அக்கவுண்ட் தனியா இருக்கட்டும், ஒரு காப்பியாவது நெட்வொர்க்கே தொடாத மாதிரி கழட்டி வைங்க.

2015 டிசம்பர் 23 உக்ரைன்ல கரண்ட் கம்பெனி ஆபரேட்டர் கண்ணு முன்னாடியே மவுஸ் தானா நகர்ந்து பிரேக்கரை ஆஃப் பண்ணுச்சு, நகர்த்தினது உள்ள புகுந்த ஹேக்கருங்க, சுமார் 2,25,000 கனெக்ஷன் இருட்டு. ரிமோட்ல திரும்ப ஆன் பண்ண முடியாதபடி சப்ஸ்டேஷன்ல இருந்த கன்வெர்ட்டரோட (ரிமோட் கட்டளைய அங்க இருக்கற மெஷினுக்குக் கொண்டு சேர்க்கற பெட்டி) ஃபர்ம்வேரையும், அதாவது அதுக்குள்ள ஓடுற சாஃப்ட்வேரையும், நாசம் பண்ணிட்டாங்க. கம்பெனி ஆளுங்க நேர்ல போய் பிரேக்கரைக் கையால போட்டாங்க, சில மணி நேரத்துல கரண்ட் வந்துடுச்சு. இன்னைக்கு ஆட்டோமேஷன்ங்கற பேர்ல மொதல்ல தூக்குறதே அந்தக் கை சுவிட்சைத்தான், எனக்கு அதுல சுத்தமா உடன்பாடு இல்ல.

அந்த ஆடிட் எடத்துல இப்ப கீய பேப்பர்ல பிரிண்ட் போட்டு லாக்கர்ல வச்சிருக்காங்களாம். அடுத்த தடவ போறப்ப லாக்கர் சாவி யார்கிட்ட இருக்குன்னு கேக்கணும்.