கத்தரி வெயிலில் டயோடு

டயோடு என்பது மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சிறு மின்னணுப் பாகம். மின்னோட்டம் ஓடும்போது அதன் இரு முனைகளுக்கிடையே இருக்கும் மின்னழுத்தம், சிலிக்கான் டயோடு என்றால் 0.7 வோல்ட் என்று படிக்கும்போதே மனப்பாடம் செய்துவிடுகிறோம். அது 25 டிகிரியை ஒட்டி, ஓரளவு மின்னோட்டம் ஓடும்போது கிடைக்கிற எண். மே மாதம் கடலூரில் ஒரு மொட்டை மாடித் தகரப் பெட்டிக்குள் இருக்கும் டயோடு அந்த எண்ணில் நிற்காது.

கையோடு பார்த்துவிடலாம். மல்டிமீட்டரை டயோடு குறிக்குத் திருப்பி, 4007 என்ற எண் கொண்ட ஒரு டயோடில் வைத்தால் 0.55 பக்கம் ஏதோ ஒரு எண் வரும். மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் சிறிது, அதனால்தான் 0.7 வரவில்லை. இப்போது டயோடின் காலில் சூடான சால்டரிங் அயர்னைத் தொட்டால் 0.54, 0.52, 0.49 என்று எண் கண்ணெதிரே இறங்கும், எடுத்தால் மெல்ல ஏறும். டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட், இதுதான் கணக்கு.

ஏன் இறங்க வேண்டும்? சிலிக்கானில் பிணைப்பில் இருக்கும் ஓர் எலக்ட்ரானை விடுவிக்க 1.12 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். அறை வெப்பநிலை தரும் வெப்ப ஆற்றலின் அளவோ 0.026தான். நாற்பது மடங்குக்கு மேல் பற்றாக்குறை, ஆனாலும் கோடிக்கணக்கான எலக்ட்ரான்களில் எங்கோ ஒன்றுக்குத் தேவையான ஆற்றல் ஒரே நேரத்தில் கூடிவந்துவிடும். இந்த அபூர்வமான ஒன்றுதான் வெப்பத்துக்கு அப்படி ஆடுகிறது: 10 டிகிரி ஏறினால் வெப்ப ஆற்றல் வெறும் 3 சதவீதம் கூடுகிறது, விடுபட்டுத் திரியும் எலக்ட்ரான்களோ ஏறக்குறைய இரட்டிப்பாகின்றன! எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம் இது.

டயோடின் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் இணைக்கும் டயோடு சமன்பாட்டை மேலோட்டமாகப் பார்த்தால், வெப்பம் ஏற ஏற மின்னழுத்தமும் ஏற வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் அதே சமன்பாட்டுக்குள் இருக்கும் செறிவு மின்னோட்டம் (வெப்பத்தால் விடுபடும் எலக்ட்ரான்களைப் பொறுத்த மிகச் சிறு மின்னோட்டம்) அதைவிடப் பல மடங்கு வேகத்தில் பெருகுவதால், அதே மின்னோட்டத்தை ஓட்டக் குறைந்த அழுத்தமே போதுமாகிவிடுகிறது. டயோடு மின்னோட்டத்தைத் தடுக்க வேண்டிய பின்னோக்கித் திசையில் கசிவும் சுமார் 10 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். 25-லிருந்து 65 டிகிரிக்குப் போனால் 16 மடங்கு.

சரி, இது மாடியில் எங்கே தெரிகிறது? சோலார் பேனலில். ஒவ்வொரு செல்லும் ஒரு பெரிய டயோடுதான். பேனலுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வாட் எண் 25 டிகிரி செல்லுக்கானது. உச்சி வெயிலில் செல் 65 டிகிரியைத் தொட்டால் செல்லுக்கு 80 மில்லிவோல்ட் போகும், 60 செல் பேனலில் அது கிட்டத்தட்ட 5 வோல்ட். வெயில் கொளுத்தும்போதே உற்பத்தி குறைகிறதே என்று பேனல் போட்டவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். பேனலைத் தளத்தோடு ஒட்டிப் படுக்க வைக்காமல், அடியில் காற்று போகிற அளவு தூக்கி மாட்டச் சொல்லுங்கள். மதியத்துக்கு மேல் கடல்காற்று திரும்பும் நம் ஊரில் அந்த இடைவெளி நிஜமாகவே உதவும்.

அப்புறம் இன்னொன்று. ஒரு ஆம்பியர் டயோடு இரண்டைப் பேரலலாகப் போட்டால் இரண்டு ஆம்பியர் தாங்கும் என்று நம்பிச் சிலர் சார்ஜரைப் பழுது பார்க்கிறார்கள். இரண்டில் சற்றே சூடான டயோடின் அழுத்தம் இறங்கும், அதனால் அதுவே அதிக மின்னோட்டத்தை இழுக்கும், இன்னும் சூடாகும், கடைசியில் பாரம் முழுவதும் அதன் தலையில்தான். மூன்று ஆம்பியர் 5408 ஒன்றைப் போட்டுவிடுங்கள்.