சொல் விளக்கம்: கொலையாகாத மரணம்

கிருஷ்ணகிரி கோர்ட் வாசல் டீக்கடையில் ‘முந்நூத்திரெண்டு கேஸ்’ என்றால் இன்றும் கொலை வழக்குதான். அது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் கொலைப் பிரிவு எண். 2024 ஜூலை 1 முதல் அந்த எண் போய், அதற்குப் பதிலாக வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103 வந்துவிட்டது. கூடவே 105 என்றொரு பிரிவும் உண்டு: ‘கொலையாகாத மரணம் விளைவித்தல்’, அதாவது ஆங்கிலத்தில் ‘மர்டர்’ ஆகாத ‘ஹோமிசைடு’. ஆளையே கொன்றிருக்கிறான், கொலையாகாதாமே என்று செத்தவர் வீட்டார் கொதிப்பது இந்தச் சொல்லால்தான்.

‘கொல்’ என்ற வேரோடு ‘ஐ’ சேர்ந்தது கொலை. எப்படி உயிர் எடுத்தாலும் தமிழில் அது கொலை. ஆங்கில ‘மர்டர்’ குறுகலானது. நார்மன் காலத்து ‘மர்ட்ரம்’ மறைவாகச் செய்த கொலையைக் குறித்தது. ‘ஹோமிசைடு’ லத்தீன் வழி வந்தது, ஆளைக் கொல்லுதல் என்று பொருள். மர்டர் அதில் ஒரு வகை. பொதுவானதை ‘ஆட்கொலை’ என்றும் கொடியதைக் ‘கொலைக் குற்றம்’ என்றும் சொன்னாலே குழப்பம் பாதி தீரும் என்பது என் கட்சி. செய்தித்தாள் ‘படுகொலை’க்குச் சட்டத்தில் தனி இடமில்லை. படுபாவியில் வரும் அதே ‘படு’தான் அது.

சீரியல்களில் கேட்கும் ‘ஃபர்ஸ்ட் டிகிரி மர்டர்’, அதாவது முதல் தரக் கொலை, அமெரிக்கச் சரக்கு. 1794-ல் பென்சில்வேனியா கொண்டுவந்த பாகுபாடு. இங்கே முதலில் பார்ப்பது மனதில் என்ன இருந்தது என்பதை. கொல்லும் எண்ணமோ, சாதாரணமாகவே உயிரைப் போக்கக்கூடிய காயத்தை ஏற்படுத்தும் எண்ணமோ இருந்தால் கொலைக் குற்றம். சாவு நேரலாம் என்று தெரிந்தும் செய்தது மட்டும் என்றால் பெரும்பாலும் 105, பத்தாண்டு வரை சிறை. வெறும் அஜாக்கிரதை என்றால் 106, பொதுவாக ஐந்தாண்டு வரை. திடீர்ச் சண்டையிலும், கடும் ஆத்திரமூட்டலிலும் கொலைக் குற்றம் 105-க்கு இறங்கலாம்.

அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் காட்டுப்பன்றிக்காகக் கடலைக் கொல்லையைச் சுற்றிக் கம்பி கட்டி, லைனில் கொக்கி போட்டுத் திருட்டுக் கரண்ட் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இருட்டில் வரப்போடு வந்தவர் அதில் மாட்டிச் செத்தால் என்ன பிரிவு? அவரைக் கொல்லும் எண்ணம் யாருக்கும் இல்லை. ஆள் நடமாட்டம் தெரிந்தே விட்டாரா, கவனமின்றி விட்டாரா என்பதில்தான் 105-ம் 106-ம் பிரியும். பீகாரில் ஒருவர் தன் கழிப்பறைக்குப் போகும் வழியில் மின்கம்பி கட்ட, பக்கத்து வீட்டுப் பெண் இறந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அத்துமீறி வந்தவர்தானே என்ற வாதம் எடுபடவில்லை. அன்றைய 304-ஏ பிரிவில், அதாவது அஜாக்கிரதைக்கு, தண்டனை உறுதியானது.

‘என் கொல்லை, என் தற்காப்பு’ என்பதும் செல்லாது. ‘தன்’ என்று தொடங்கினாலும், சட்டத்தின் தற்காப்புரிமை அடுத்தவர் உடலையும் பொருளையும் காக்கவும் உண்டு. ஆனால் தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது, போலீஸை நாட நேரமிருந்தால் அந்த உரிமையே இல்லை. பொருளுக்காக உயிரை எடுக்க அனுமதிப்பது கொள்ளை, இரவில் வீடு புகுதல், வீட்டுக்குத் தீ வைத்தல் போன்ற சிலவற்றுக்கு மட்டும். கொல்லை வழியே குறுக்கே நடந்தது அந்தப் பட்டியலில் இல்லை.