சுவரில் கொசு வரைந்தால் டிரம்மில் புழு சாகுமா?

இந்த வருடமும் ஒரு சுவர். கடலூர்ப் பக்கம் ஒரு பேருந்து நிறுத்தத்தை ஒட்டி, நீளமாக ஒரு டெங்கு விழிப்புணர்வு ஓவியம். வண்ணம் அருமை, கோடு சுத்தம். ஆனால் கொசு உட்கார்ந்திருப்பது சாக்கடை மேல். அதுவும் பின்புறத்தைத் தூக்கிச் சாய்வாக, மலேரியாக் கொசு உட்காரும் விதத்தில். தலையில் இறகு போல அடர்ந்த உணர்கொம்பு வேறு. அது ஆண் கொசுவுக்குத்தான் இருக்கும், ஆண் கொசு கடிக்காது. இணையத்தில் அழகாகத் தெரிந்த படத்தைப் பார்த்து ஓவியர் வரைந்திருக்கிறார்; அவரைக் குறை சொல்ல மாட்டேன். வரைபடத்தை ஒரு பூச்சியியல் ஆளிடம் காட்ட யாருக்கும் தோன்றவில்லை, அதுதான் எரிச்சல். நிதி கொடுத்தவர்களின் சின்னம் மட்டும் பிழையில்லாமல் வந்திருக்கிறது.

கலை வழியாக அறிவியல் சொல்லும் திட்டங்களுக்குப் பணம் கொடுப்பது தேவையா என்று கேட்கிறார்கள். கொடுக்கலாம் என்பதே என் கட்சி. ஆனால் இப்போது நடக்கிற லட்சணத்தில் கொடுப்பதற்கு, அந்தக் காசில் தெருவுக்கெல்லாம் டிரம் மூடி வாங்கித் தந்துவிடலாம்.

முதலில் அந்தச் சாக்கடை விஷயம். எத்தனை முறை சொன்னாலும் சுவர்களில் மாறுவதில்லை. சாக்கடையில் பெருகுவது க்யூலெக்ஸ், யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு. புதுச்சேரியில் யானைக்கால் பழைய தலைவலி, இங்குள்ள, நோய் பரப்பும் கொசுக்களை ஆராயும் மத்திய அரசு மையமான வி.சி.ஆர்.சி. 1981 முதல் 1985 வரை நகரில் அந்தக் கொசுவைக் கட்டுப்படுத்தப் பெரிய அளவில் வேலை செய்தது. ஆகவே 'கொசு என்றால் சாக்கடை' என்று நம் பெரியவர்கள் மனதில் பதிந்தது அந்த நோய்க்குச் சரியான பாடம்தான். டெங்குவுக்கு அது தப்பான பாடம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடி வருவது வீட்டுக்குள் நாம் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரை: டிரம், சிமெண்ட் தொட்டி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், மொட்டை மாடி டயர். முட்டையைத் தண்ணீரில் போடுவதுகூட இல்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தாலும் முட்டை சுவரிலேயே காய்ந்து பல மாதம் உயிரோடு இருக்கும். மறுபடி நீர் ஏறியதும் பொரிக்கும். அதனால்தான் கொட்டினால் போதாது, தேங்காய் நாரால் உட்புறத்தைத் தேய்க்க வேண்டும் என்கிறோம். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால்தான் வாரம் ஒருமுறை என்கிறோம். சாக்கடைப் படத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர் என்ன செய்வார்? நகராட்சியைத் திட்டுவார். வீட்டு டிரம்மைத் திறந்து பார்க்க மாட்டார். அந்த ஓவியம் சும்மா இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, கெடுதல் செய்கிறது.

அடுத்தது தலை எண்ணுவது. திட்ட அறிக்கையில் 'ஆயிரக்கணக்கானோர் பார்த்தனர்' என்று ஒரு வரி, கூடவே கூட்டத்தின் படம். பாண்டி கடற்கரைச் சாலையில் சாயங்காலம் எதை வைத்தாலும் கூட்டம் சேரும். அதில் பாதிப் பேர் விடுமுறைக்கு வந்தவர்கள். அவர்கள் வீட்டுத் தொட்டி வேறு ஊரில் இருக்கிறது. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் ஞாயிறு மாலையும் இதே கதைதான். காற்று வாங்க வந்தவரைப் பயனாளி என்று எழுதாதீர்கள்.

நாடகமோ கூத்தோ, ஆட்டம் முடிந்ததும் கேள்வித்தாள் கொடுப்பதும் போதாது. 'தண்ணீரை மூடி வைப்பீர்களா?' என்று கேட்டால் யார்தான் மாட்டேன் என்பார்கள்? டார்ச்சும் வெள்ளைக் கிண்ணமும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தண்ணீரில் கொசுப்புழு இருக்கிறதா என்று பாருங்கள். வீடு வீடாகக் கொசுப்புழு தேடும் டி.பி.சி. பணியாளர்கள் தினமும் செய்யும் வேலைதான், கணக்கும் எளிது. பார்த்த நூறு வீட்டில் எத்தனை வீட்டில் புழு இருந்தது என்பது ஒரு எண். அந்த நூறு வீட்டில் மொத்தம் எத்தனை பாத்திரங்களில் புழு இருந்தது என்பது இன்னொன்று. ஆட்டத்துக்கு முந்தைய வாரம் ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை எண்ணுங்கள். ஆட்டம் நடக்காத, அதே மாதிரித் தண்ணீர் பிடிக்கும் இன்னொரு தெருவிலும் அதே நாட்களில் எண்ணுங்கள். மழை பெய்தால் இரண்டு தெருவிலும் ஏறும், வெயில் அடித்தால் இரண்டிலும் இறங்கும். வித்தியாசம் மட்டுமே உங்கள் ஆட்டத்தின் கணக்கு. ஐம்பது வீட்டோடு நிறுத்திவிடாதீர்கள். ஐம்பதில் பத்து வீடு ஐந்தாகக் குறைவது தற்செயலாகவே நடக்கும். ஒரு தெருவுக்கு நூறு வீடாவது வேண்டும். இன்னொன்று, எண்ணப் போகிறவர் நாடகக் குழுவின் ஆளாக இருக்கக் கூடாது.

பெரிய ஓட்டை காலத்தில் இருக்கிறது. நிதியாண்டு முடிவதற்குள் செலவழித்தாக வேண்டும், பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம் வேறு வருகிறது. ஆகவே மாசி, பங்குனியில் ஊரெல்லாம் அறிவியல் நாடகம். நம் கடற்கரையில் டெங்கு ஏறுவது வடகிழக்குப் பருவமழையை ஒட்டி. ஐப்பசியில் காய்ச்சல் வரும்போது பங்குனியில் பார்த்த நாடகம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? இதில் கூத்துக் கலைஞர்களுக்கும் நஷ்டம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்கள் நடக்கும் மாதங்களில் அவர்களுக்குக் கையில் வேலை இருக்கிறது. மழை மாதங்களில்தான் ஆட்டம் இல்லாமல் வருமானம் குறைகிறது. ஆவணி, புரட்டாசியில் கூப்பிட்டால் அவர்களுக்கும் வேலை, நமக்கும் சரியான நேரம்.

கூத்து என்றதும் சொல்ல வேண்டும்: கடலூர் மாவட்டத்துக்கு வில்லுப்பாட்டுக் குழுவை அனுப்பும் புண்ணியவான்களே, அது நெல்லை, குமரிச் சீமைக் கலை. நல்ல கலைதான், ஆனால் இங்கே ஜனங்கள் விடிய விடிய உட்காருவது தெருக்கூத்துக்கு. அதிலும் கூத்தின் கோமாளியான கட்டியங்காரனை விட்டுவிடாதீர்கள். அரசனையே கிண்டல் செய்யவும் பார்வையாளரிடம் நேராகப் பேசவும் அவனுக்கு மட்டும்தான் உரிமை உண்டு. 'எங்க ஊட்டுல சாக்கடையே இல்லியே, எனக்கு எப்படிய்யா காய்ச்சல் வந்துச்சு?' என்று அவன் கேட்டால் ஊரே காது கொடுக்கும். அந்த வாய்ப்பை விட்டுவிட்டு அவன் கையில் துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து வாசிக்க வைக்கிறார்கள். வசனத்தைக் குழுவே எழுதட்டும். நீங்கள் மூன்று உண்மைகளை மட்டும் சொல்லிக் கொடுங்கள்: நல்ல தண்ணீர், ஒட்டிய முட்டை, வாரம் ஒருமுறை தேய்ப்பது. நான்காவதாகச் சிக்குன்குனியாவையும் சேர்க்கச் சொல்லி அதிகாரி வருவார், மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

கலை இங்கே பலித்ததற்குச் சாட்சி இருக்கிறது. மக்களிடம் அறிவியலைக் கொண்டுபோன 1987 பாரத் ஜன விஞ்ஞான் ஜாத்தா என்ற பயணமும், அதன் பின்னால் வந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கமும் வீதி நாடகத்தையும் பாட்டையும் வைத்தே ஊரைக் கூட்டின. ஆனால் நாடகம் பார்த்து யாரும் எழுத்தறிவு பெறவில்லை. மறுநாள் மாலை அதே தெருவில் விளக்கும் பலகையும் வைத்துக்கொண்டு ஒரு தொண்டர் உட்கார்ந்திருந்தார். இன்றைய திட்டங்களில் அந்த மறுநாளுக்குப் பட்ஜெட்டே இல்லை. மேடை, மைக், ஃப்ளெக்ஸ், சால்வை, நினைவுப் பரிசு என்று போய்விடுகிறது. என்னைக் கேட்டால் சால்வைச் செலவை நீக்கிவிட்டு, ஆட்ட நாளுக்கு என்ன கூலியோ அதையே ஒத்திகை நாளுக்கும் கொடுங்கள். வீடு வீடாகப் போக ஆட்டத்துக்கு ஆகிற அளவு தொகை ஒதுக்குங்கள். மொத்தத்தில் பத்து முதல் பதினைந்து சதவீதம் எண்ணிக்கைப் பணிக்கு. 'இவ்வளவா?' என்பார்கள். எண்ணாத திட்டத்துக்கு அடுத்த வருடமும் ஏன் பணம் தருகிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

சுவர் ஓவியமே வேண்டும் என்பவர்களுக்கு: கடற்காற்று அடிக்கும் ஊர் இது. புதுப் பூச்சு 28 நாளாவது காய வேண்டும். பழைய சுண்ணாம்பு அடித்த சுவர் என்றால் சுரண்டி எடுத்துவிட்டு, சிமெண்ட் பிரைமர் அடித்து, அதன் மேல் வெளிச்சுவருக்கான எமல்ஷன். உப்புப் பூத்த சுவரைத் தொடவே தொடாதீர்கள், ஒரே மழையில் பொருக்கு விடும்.

எல்லாவற்றையும் அளக்க முடியாது, குழந்தைகள் வியந்து பார்ப்பதே போதும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பிச்சாவரம் அலையாத்திக் காட்டைப் பற்றி ஒரு பொம்மலாட்டம் வெறும் சந்தோஷத்துக்காகவே நடக்கலாம். விண்ணப்பத்திலும் அப்படியே எழுதுங்கள். 'நோய் குறையும்' என்று எழுதிப் பணம் வாங்கிவிட்டு, கேட்கும்போது வியப்பு, அனுபவம் என்று பேசாதீர்கள்.

இந்த மார்ச்சுக்குள் செலவழிக்கச் சொல்லிக் கடிதம் வந்திருந்தால், முதலில் கால நீட்டிப்புக் கேட்டு எழுதுங்கள். காரணமாகப் பருவமழையைக் காட்டுங்கள். மறுத்தால் ஒத்திகை, முதல் சுற்று வீட்டுக் கணக்கு, பூச்சியியல் ஆளிடம் வரைபடம் காட்டுவது, இந்த மூன்றையும் இப்போதே முடித்துப் பில் போடுங்கள். ஆட்டத்துக்கான தொகையை அடுத்த நிதியாண்டில் ஆவணிக்குக் கேளுங்கள். புதுச்சேரியில் பாகூர்ப் பக்கம் செய்பவர்கள் எல்லையிலுள்ள முள்ளோடைக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்நாட்டு ஊராட்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், காய்ச்சலோடு பஸ் ஏறுகிறவர் எல்லையில் இறங்கிக்கொள்வதில்லை.