விலை தேயும் வேகத்தில் பேட்டரி தேய்வதில்லை

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “நான்கு வருடம் ஓடிய மின்சார கார் ஒன்றைப் பார்த்தேன். புதிதாக இருந்தபோது விற்ற விலையில் பாதிகூட இல்லை. அதே வயதுள்ள பெட்ரோல் கார் இதைவிட நல்ல விலைக்குப் போகிறது. விற்பவரோ பேட்டரியின் ஆரோக்கியம் 93 சதவீதம் என்று திரையைக் காட்டுகிறார். ஏழு சதவீதம் தேய்ந்த பொருளை யாராவது பாதி விலைக்குக் கொடுப்பார்களா? விலை பொய்யா, திரை பொய்யா?”

இரண்டும் பொய்யில்லை. தமிழில் செருப்பின் அடிப்பாகத்துக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் தேய்மானம் என்ற ஒரே சொல்தான். பொருள் தேய்ந்தாலும் தேய்மானம், மதிப்பு குறைந்தாலும் தேய்மானம். பெட்ரோல் காரில் இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே நடந்ததால் நமக்குக் குழப்பம் வந்ததில்லை. மின்சார காரில் ஒன்று ஓடுகிறது, மற்றொன்று தவழ்கிறது.

பணக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். பழைய காரின் விலையைத் தீர்மானிப்பது அதை அன்று என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பதல்ல, இன்று புதுக் கார் என்ன விலை என்பதுதான். 2010இல் பேட்டரியின் விலை ஒரு கிலோவாட் மணிக்கு 1000 டாலருக்கு மேல் இருந்தது. ப்ளூம்பெர்க் என்இஎஃப் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்கின்படி 2024இல் சராசரி 115 டாலர். காரிலேயே விலை அதிகமான உறுப்பு இப்படி மலிந்துகொண்டே வந்தால், நேற்று வாங்கியவர் நஷ்டப்படத்தான் வேண்டும். 2023 ஜனவரியில் டெஸ்லா தன் புதுக் கார்களின் விலையைக் குறைத்தபோது, வீட்டு வாசலில் சும்மா நின்றுகொண்டிருந்த பழைய டெஸ்லாக்களும் சேர்ந்தே விலை இறங்கின. 2021இல் ஒரு லட்சம் டெஸ்லாக்கள் வாங்கப்போவதாக அறிவித்த ஹெர்ட்ஸ் வாடகைக் கார் நிறுவனம், 2024 ஜனவரியில் சுமார் 20,000 மின்சார கார்களை விற்றுவிட முடிவு செய்து, மதிப்புக் குறைவுக்காக 24.5 கோடி டாலரைக் கணக்கில் எழுதியது. மானியம் வேறு இருக்கிறது. முதலில் வாங்கியவர் மானியம் போகக் குறைவாகத்தான் கொடுத்திருப்பார். சதவீதம் போடுகிறவர்களோ பட்டியல் விலையிலிருந்து கணக்கைத் தொடங்குகிறார்கள். அதனால் வீழ்ச்சி உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

இவற்றுக்கெல்லாம் மேலே பயம் ஒன்று இருக்கிறது. அந்தப் பயம் கைபேசியிலிருந்து வந்தது. மூன்றாவது வருடத்தில் மாலைக்குள் செத்துப்போகும் கைபேசியைப் பார்த்தவர்கள், காரும் அப்படித்தான் ஆகும் என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கைபேசிக்கு அநேகமாகத் தினமும் ஒரு முழுச் சுற்று சார்ஜ். ஒரு சார்ஜில் 400 கிலோமீட்டர் போகும் கார் தினமும் 40 கிலோமீட்டர் ஓடினால் பத்து நாளுக்கு ஒரு சுற்றுதான். ஆயிரம் சுற்று என்பது கைபேசிக்கு மூன்று வருடம். காருக்கு நான்கு லட்சம் கிலோமீட்டர். போதாக்குறைக்கு இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் பேட்டரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு உண்டு. கைபேசிக்கு உங்கள் சட்டைப்பைதான்.

சரி, பேட்டரிக்குள் உண்மையில் தேய்வது எது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

லித்தியம் அயனி பேட்டரியின் அடிப்படை பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. ஒரு பக்கம் உலோக ஆக்சைடு, மறுபக்கம் கிராஃபைட், நடுவே மின்பகுளித் திரவம். சார்ஜ் செய்யும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன, ஆறு கார்பன் அணுவுக்கு ஒரு லித்தியம் வீதம். வண்டி ஓடும்போது திரும்பி வருகின்றன. இதற்கு அடித்தளம் போட்ட குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பாடம் சொல்லாமல் விடுகிற விஷயம் ஒன்று உண்டு. சார்ஜ் ஏறிய கிராஃபைட்டின் அருகே அந்தத் திரவம் உயிரோடு இருக்கவே முடியாது. அங்குள்ள மின்னழுத்தத்தில் திரவத்தின் மூலக்கூறுகள் எலக்ட்ரானைப் பிடித்துக்கொண்டு சிதைந்துபோகும். வேதியியல் விதிகளை அப்படியே நம்பினால், முதல் சார்ஜிலேயே திரவம் முழுவதும் தீர்ந்து பேட்டரி செத்துவிட வேண்டும். பிறகு எப்படி இத்தனை கார்கள் ஓடுகின்றன?

சிதைவின் கழிவுதான் காப்பாற்றுகிறது. திரவம் சிதையும்போது லித்தியம் கார்பனேட், லித்தியம் ஃப்ளோரைடு, சில கரிம உப்புகள் எல்லாம் சேர்ந்து கிராஃபைட்டின்மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. தடிமன் சில பத்து நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டு அதில் சில பத்துக் கூறுகள். இந்தப் படலத்துக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. லித்தியம் அயனியை உள்ளே விடும், எலக்ட்ரானை வெளியே விடாது. எலக்ட்ரான் கிடைக்காவிட்டால் திரவம் எப்படிச் சிதையும்? வினை தன்னாலேயே அடங்கிவிடுகிறது. புண்ணின்மேல் பொருக்குத் தட்டுவது போலத்தான். வடிந்த இரத்தமே உறைந்து மேற்கொண்டு வடியாமல் அடைக்கிறதல்லவா?

1979இல் டெல் அவீவ் பல்கலைக்கழகத்தின் இமானுவேல் பெலெட் இந்தப் படலத்தை விளக்கி அதற்கு ‘சாலிட் எலக்ட்ரோலைட் இன்டர்ஃபேஸ்’ (திட மின்பகுளி இடைப்படலம்) என்று பெயரும் வைத்தார், ஆய்வாளர்கள் எஸ்.இ.ஐ. என்று சுருக்கிச் சொல்வார்கள். ஆனால் எல்லாத் திரவமும் நல்ல படலம் தருவதில்லை. ஆரம்ப காலத்தில் பலரும் புரொப்பிலீன் கார்பனேட்டைப் பயன்படுத்தினார்கள். அது கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் புகுந்து ஏடு ஏடாகப் பிரித்துப் போட்டுவிட்டது. அதன் சகோதரன் எத்திலீன் கார்பனேட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும்தான். ஆனால் எத்திலீன் கார்பனேட் சுமார் 36 டிகிரி செல்சியஸில்தான் உருகும், அறை வெப்பத்தில் அது மெழுகு போன்ற கட்டி. கட்டியாக இருப்பதைத் திரவமாக எப்படிப் பயன்படுத்துவது என்று ஒதுக்கியே வைத்திருந்தார்கள். 1990இல் கனடாவின் ஜெஃப் டானும் சகாக்களும் அதைக் கலந்து பார்த்தபோது கிராஃபைட் பிரியவில்லை, உறுதியான படலம் உருவானது. 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் லித்தியம் அயனி பேட்டரியில்கூடக் கிராஃபைட் இல்லை, ஒழுங்கற்ற அமைப்புள்ள வேறு வகைக் கரிதான். ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் குறைந்ததால் ஒரு தொழில் எழுந்து நின்றது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

படலத்துக்குக் கூலி உண்டு. அது லித்தியத்தால் ஆனது. அதில் சிக்கிய லித்தியம் திரும்பி வராது. ஆலையில் நடக்கும் முதல் சார்ஜிலேயே பேட்டரி தன் லித்தியத்தில் 5 முதல் 10 சதவீதம்வரை இப்படிப் பறிகொடுக்கிறது. அந்த முதல் சார்ஜை நாள்கணக்கில் நிதானமாக ஏற்றுவதே படலம் சீராகப் படியத்தான். நீங்கள் புதிதாக வாங்கும் பேட்டரி ஏற்கெனவே தேய்ந்த பேட்டரி.

அதற்குப் பிறகும் படலம் வளர்கிறது, ஆனால் மெதுவாக. தடிமன் கூடக் கூட அதைத் தாண்டி வரும் எலக்ட்ரான் குறையும், எனவே வளர்ச்சியும் குறையும். உறையும் ஏரியின் பனிக்கட்டிக்கும் இதே கணக்குதான். பனி தடிக்கத் தடிக்க அதுவே போர்வையாகி, அடியில் மேலும் உறைவதைத் தாமதப்படுத்தும். கணிதத்தில் சொன்னால் தடிமன் காலத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. வாசகரின் காரையே எடுத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் 3.5 சதவீதம் போயிருந்தால் நான்காம் ஆண்டு முடிவில் 7. ஒன்பதாம் ஆண்டில் 10.5, பதினாறாம் ஆண்டில் 14. வாங்க வருகிறவர் மனத்திலோ நேர்கோடு ஓடுகிறது. நான்கு ஆண்டில் ஏழு என்றால் பதினாறு ஆண்டில் இருபத்தெட்டு என்று பயந்து விலையைக் குறைத்துக் கேட்கிறார்.

நிஜக் காரில் கணக்கு இவ்வளவு சுத்தமாக இருக்காது. லித்தியம் உள்ளே நுழையும்போது கிராஃபைட்டின் அடுக்குகள் சுமார் பத்து சதவீதம் விரிகின்றன, வெளியேறும்போது சுருங்குகின்றன. படலம் ரப்பர் இல்லையே, அங்கங்கே விரிசல் விடும். விரிசலில் புதுப் பரப்பு தெரியும், அதை மூட மீண்டும் லித்தியம் செலவாகும். பூஜ்யத்துக்கும் நூறுக்குமாக ஏற்றி இறக்குபவரின் கார், நடுவிலேயே வைத்து ஓட்டுபவரின் காரைவிட விரைவில் தளர்வது இதனால்தான். வெப்பம் இன்னும் மோசம். எல்லா வேதிவினைகளையும்போல இதுவும் சூட்டில் வேகம் எடுக்கும். பேட்டரியைத் திரவத்தால் குளிர்விக்கும் வசதி இல்லாத முதல் தலைமுறை நிஸான் லீஃப் கார்கள் அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் ஓரிரு ஆண்டிலேயே கொள்ளளவை இழந்தன. உரிமையாளர்கள் கொதித்தெழ, நிறுவனம் கொள்ளளவுக்குத் தனி உத்தரவாதம் கொடுக்க நேர்ந்தது. கடுங்குளிரில் வேகமாக சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே போக வழியில்லாமல் கிராஃபைட்டின் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். அந்த நிலை முற்றினால் வர்க்கமூலக் கணக்கெல்லாம் பலிக்காது, கொள்ளளவு திடீரென்று சரியும்.

ஆனாலும் சராசரி நிலவரம் நல்லதே. ஆயிரக்கணக்கான கார்களின் தரவை அலசிய ஜியோடாப் நிறுவனம், ஆண்டுக்குச் சராசரி இழப்பு 2.3 சதவீதம் என்று 2019இலும், 1.8 சதவீதம் என்று 2024இலும் சொன்னது.

இங்கே ஒரு சொந்தப் புலம்பல். பத்து ஆண்டில் பேட்டரி எப்படி மூப்படைகிறது என்று தெரிய வேண்டுமானால் பத்து ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆராய்ச்சிக்குப் பணம் கிடைப்பதோ இரண்டு, மூன்று ஆண்டுக்கு. ஐந்து நிமிடத்தில் சார்ஜ் ஆகும் அதிசய பேட்டரி என்றால் தலைப்புச் செய்தி வரும், நிதியும் வரும். ஒரே செல்லைப் பல வருடம் ஏற்றி இறக்கி அளந்துகொண்டிருப்பவரை யார் சீண்டுகிறார்கள்? மேலே சொன்ன ஜெஃப் டான் இதற்கு அழகான குறுக்குவழி ஒன்றைக் கண்டார். உள்ளே போன மின்னூட்டத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை, சதவீதத்தின் நூறில் ஒரு பங்கையும்விடத் துல்லியமாக அளந்தால், சில வாரத்திலேயே ஆயுளை ஊகித்துவிடலாம். தோராயமாகப் பார்த்தால், ஒவ்வொரு சுற்றிலும் 99.9 சதவீதம் மிஞ்சும் செல்லில் ஆயிரம் சுற்றுக்குப் பின் 37 சதவீதம்தான் இருக்கும். 99.99 மிஞ்சினால் 90 சதவீதம். தசமப்புள்ளிக்குப் பின்னால் இன்னொரு ஒன்பது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஒன்பதைப் பார்ப்பதற்கான கருவிக்குப் பணம் கொடுப்பது வீண் செலவு என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

மாதம் ஒருமுறை பேட்டரியைப் பூஜ்யம்வரை இறக்கினால் நல்லது என்ற நம்பிக்கையும் இன்னும் உலவுகிறது. அது பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிகளின் காலத்துச் சங்கதி. லித்தியம் பேட்டரிக்கு அது தண்டனை. நாமும் மூடநம்பிக்கைகளை அடிக்கடி சார்ஜ் ஏற்றித்தான் வைத்திருக்கிறோம்.

இனி அந்த 93க்கு வருவோம். அது அளவு அல்ல, மதிப்பீடு. காரின் கணினி, உள்ளே போன மின்னோட்டத்தையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கிறது. தொட்டியில் ஊற்றிய வாளிகளை எண்ணித் தொட்டியின் கொள்ளளவைச் சொல்வதுபோல. எண்ணிக்கையில் பிசகு சேரும், அதை மின்னழுத்தத்தைப் பார்த்து அவ்வப்போது திருத்திக்கொள்ள வேண்டும். உலோக ஆக்சைடுக்குப் பதிலாக லித்தியம் இரும்பு பாஸ்பேட்டைப் பயன்படுத்தும் வகையில் இது இன்னும் கடினம், ஏனென்றால் அதன் மின்னழுத்தம் பெரும்பகுதி தூரம் கிட்டத்தட்ட மாறாமலே இருக்கும். முழுவதும் ஏற்றினால்தான் கணினிக்குத் தான் நிற்கும் இடம் புரியும்.

பெட்ரோல் கார் என்றால் மெக்கானிக் புகையின் நிறத்தைப் பார்ப்பார், இன்ஜினில் காதை வைப்பார், பத்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்வார். மின்சார காரில் அவர் காதுக்கு வேலையில்லை. பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் பழைய கார்களை வைத்தே இந்த நிலையை விளக்கினார். நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாவிட்டால், வாங்குபவர் நடுத்தர விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மாட்டார், விலகிக்கொள்வார். மிச்சமிருப்பவற்றின் தரம் குறையும், விலை மேலும் இறங்கும். இந்த விளக்கத்துக்காக அகெர்லாஃபுக்கு 2001இல் நோபல் கிடைத்தது. பாதி விலையில் ஒரு பகுதி, பேட்டரிக்குள் பார்க்க முடியாததற்கு நாம் கட்டும் அபராதம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி முதல் ஒவ்வொரு மின்சார கார் பேட்டரிக்கும் டிஜிட்டல் கடவுச்சீட்டு இருக்க வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. பேட்டரியின் ஆரோக்கியமும் அதில் பதிவாகும் என்பதால் அபராதம் குறையலாம்.

அதுவரை என்ன செய்வது? ஒரு நண்பர் பழைய மின்சார கார் வாங்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சோதனைத் துளையில் தீப்பெட்டி அளவுள்ள ஒரு கருவியைச் செருகினோம். கைபேசித் திரையில் வரிசையாக 96 எண்கள் வந்தன, தொடராக இணைந்த 96 செல்களின் மின்னழுத்தம். 3.912, 3.911, 3.913 என்று எல்லாம் ஒன்றுபோல இருக்க, நாற்பத்தொன்றாவது மட்டும் 3.874. நண்பரின் முகம் வாடிவிட்டது. தொடர் இணைப்பில் பலவீனமான செல் தீர்ந்தால் மொத்த பேட்டரியும் தீர்ந்ததாகத்தான் கணக்கு. ஆனால் சார்ஜ் குறையக் குறைய இடைவெளி பெருகினால்தான் செல் பலவீனம். ஏறக்குறைய அப்படியே நின்றால் செல்களுக்குள் சமன் குலைந்திருக்கிறது, சரிசெய்துவிடலாம். அதைப் பார்க்க அன்று பிற்பகல் முழுவதும் ஓட்டினோம். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த விற்பனையாளர் முதலில் பேசிக்கொண்டு வந்தார், பிறகு பேசவில்லை. சார்ஜ் 20 சதவீதத்துக்கு இறங்கியபோதும் நாற்பத்தொன்றாவது செல் மற்றவற்றைவிட நாற்பது மில்லிவோல்ட்தான் பின்னால் நின்றது.

நண்பர் அதைக் காட்டியே இன்னும் கொஞ்சம் குறைத்துக் கேட்டு வாங்கிவிட்டார்.