'ஆன்டிஆக்ஸிடன்ட் ஸ்கோர்' பார்த்து மாத்திரை வாங்காதீர்கள்

"உங்கள் ஆன்டிஆக்ஸிடன்ட் ஸ்கோர் குறைவு" என்று அச்சடித்த தாளோடு வருபவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் செல்கள் சேதமாவதைத் தடுக்க உதவும் வைட்டமின் சி, ஈ போன்ற பொருள்கள். ஏதோ ஒரு முகாமில் வாரத்தில் எத்தனை நாள் கீரை, எத்தனை நாள் பழம் என்று பத்துக் கேள்வி கேட்கிறார்கள். பிறகு ஒரு எண், கூடவே ஒரு பாட்டில். இப்போது வந்தவர் விடாமல் சிகரெட் பிடிப்பவர். பாட்டிலில் இருந்தது பீட்டா கரோட்டின் மாத்திரை, கேரட்டுக்கு நிறம் தருகிறதே அந்தப் பொருள். இதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

லேபில் சர்க்கரை 240 என்றால் அது உங்கள் ரத்தத்தில் அளந்தது. இந்த ஸ்கோரை யாரும் உங்கள் உடம்பில் அளக்கவில்லை. நீங்கள் ஞாபகத்திலிருந்து சொன்னதை எந்த உணவில் எவ்வளவு சத்து என்று காட்டும் ஒரு அட்டவணையில் உள்ள எண்ணால் பெருக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஞாபகமும் ஆடும், அட்டவணையும் ஆடும். டயட்டீஷியன் எதிரே உட்கார்ந்துவிட்டால் எல்லோருமே தினமும் கீரை சாப்பிடுபவர்கள்தான்! 'ஒரு கரண்டி' என்றால் எந்தக் கரண்டி? மாம்பழ சீசனில் கேட்டால் ஒரு பதில், ஐப்பசி மழையில் கேட்டால் வேறு பதில். நெல்லிக்காயையே பாருங்கள். பழைய இந்திய அட்டவணையில் 100 கிராமுக்கு 600 மி.கி. வைட்டமின் சி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்டதில் அதில் பாதிகூட இல்லை. எந்த அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்று அந்தத் தாளில் இருக்கிறதா? காய் வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டினீர்களா என்றாவது கேட்டார்களா? பாலிஃபீனால் என்று தாவரங்களில் உள்ள ஒரு வகை ஆன்டிஆக்ஸிடன்ட் நமக்கு நிறையவே காபி, டீயிலிருந்துதான் வருகிறது. அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனைச் சோதனைக் குழாயில் அளந்து போட்ட 'ஓராக்' எண்களை அமெரிக்க வேளாண் துறையே 2012இல் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. அந்த எண்கள் உடம்புக்குப் பொருந்தும் என்பதற்குச் சான்று இல்லை, விற்பவர்கள் அவற்றைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் காரணம்.

கேள்வித்தாளே வீண் என்று சொல்லவில்லை. ஆயிரக்கணக்கானோரை அதிகம் சாப்பிடுவோர், குறைவாகச் சாப்பிடுவோர் என்று பிரிக்க ஆராய்ச்சியில் அது உதவும். அங்கேயும் சிலருக்கு ரத்தத்தில் வைட்டமின் சி அளவு பார்த்து, கேள்வித்தாள் எவ்வளவு பொருந்துகிறது என்று சரிபார்ப்பார்கள். தனி ஒருவருக்கு மாத்திரை எழுத அது உதவாது.

புகைபிடிப்பவர்கள் பீட்டா கரோட்டின் மாத்திரையைத் தொடவே வேண்டாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது: தினமும் 20 மி.கி. எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. இதே போன்ற அமெரிக்க ஆய்வு ஒன்றை 1996இல் முன்கூட்டியே நிறுத்த வேண்டிவந்தது. கேரட், பப்பாளி தாராளமாகச் சாப்பிடுங்கள். பேச்சு மாத்திரையைப் பற்றித்தான்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் அதிக அளவு வைட்டமின் ஈ எடுத்தால் ரத்தக்கசிவு அபாயம் உண்டு. சிறுநீரகக் கல் வந்தவர்கள் வைட்டமின் சி-யை கிராம் கணக்கில் விழுங்காதீர்கள். ஆணுக்கு ஒரு நாளைக்கு 80 மி.கி., பெண்ணுக்கு 65 மி.கி. போதும். கீமோ நடக்கிறதா? டாக்டருக்குத் தெரியாமல் எதையும் எடுக்க வேண்டாம், தயவுசெய்து.

உங்கள் சாப்பாட்டில் என்ன குறை என்று தெரிய வேண்டுமானால், ஒரு ஞாயிறும் சேர்த்து மூன்று நாள், சாப்பிட்ட உடனே எழுதி வையுங்கள். டீ, வடை, தொட்டுக்கொண்ட புதினாத் துவையல் உட்பட. அதோடு பாட்டிலையும் எடுத்து வாருங்கள், லேபிளைப் படித்துவிட்டுப் பேசுவோம்.