ஒரு வார விடுமுறையில் எத்தனை தீவுகள்? குடும்பமாகக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு மருத்துவரின் கணக்கு

பயணத்துக்கு முந்தைய மருத்துவ ஆலோசனைக்கு வரும் குடும்பங்கள் பெரும்பாலும் தடுப்பூசிகளைப் பற்றிக் கேட்கவே வருகின்றன. நான் முதலில் கேட்டு வாங்குவது அவர்களுடைய பயணத் திட்டத்தை. ஆறு இரவுகள், நான்கு தீவுகள், பள்ளிப் பருவத்தில் இரண்டு குழந்தைகள், சர்க்கரை நோயும் எலும்புத் தேய்மானமும் உள்ள ஒரு பாட்டி என்று எழுதியிருந்தால், எந்த ஊசி என்ற கேள்வி இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. வெப்பமண்டலத் தீவுகளுக்குப் போய்த் திரும்பியவர்கள் என்னிடம் கொண்டுவரும் தொல்லைகளில் பல, ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவுக்குப் போகும் வழியில் தொடங்கியவை. ஆகவே, எத்தனை தீவுகளைப் பார்க்கலாம் என்று கேட்பவர்களிடம், எத்தனை முறை கடலைக் கடக்க இந்தக் குடும்பத்தால் முடியும் என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

படகு நிறுவனத்தின் அட்டவணையில் ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கும் கடற்பயணம் உண்மையில் அரை நாளை விழுங்கிவிடும். காலையில் அறையைக் காலி செய்து, பெட்டிகளைக் கட்டி, படகு கிளம்புவதற்கு வெகு முன்பாகவே இறங்குதுறைக்குப் போய்ச் சேர்ந்து, வெயிலில் வரிசையில் நின்று, கடலைக் கடந்து, மறுகரையில் வண்டிக்குக் காத்திருந்து விடுதிக்குப் போனால், பிற்பகல் இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோதான் அறை தருவார்கள். இதற்குள் சிறு குழந்தை தூங்க வேண்டிய நேரமும், இன்சுலின் போட்டுக்கொள்பவர் சாப்பிட வேண்டிய நேரமும் தவறிப்போயிருக்கும். ஆறு இரவுத் திட்டத்தில் வந்து சேரும் நாளையும் கிளம்பும் நாளையும் கழித்தால் மிஞ்சுவது ஐந்து நாட்கள். நான்கு தீவுகள் என்றால் நடுவில் மூன்று இடமாற்றங்கள், அதாவது மேலும் ஒன்றரை நாள். ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டால் எஞ்சியிருப்பது இரண்டரை நாள்தான், அதையும் நான்கு தீவுகளுக்குப் பங்கிட வேண்டும்.

ஆறு இரவுகளுக்கு இரண்டு தீவுகள் போதும் என்பது என் கருத்து. அதைவிடவும் நல்ல வழி, ஒரே தீவில் தங்கிக்கொண்டு பக்கத்துத் தீவுகளுக்குக் காலையில் போய் மாலையில் திரும்புவது. படுக்கையும், மருந்துப் பெட்டியும், குளிர்சாதனப் பெட்டியில் வைத்த இன்சுலினும் இருந்த இடத்திலேயே இருக்கும். கடல் சரியில்லை என்றால் அன்றைய பயணத்தைக் கைவிடுவதில் நட்டமும் குறைவு. இரண்டு தீவுகள்தான் என்று முடிவானாலும், அவை ஒரே படகுத் தடத்தில் இருக்கட்டும். அந்தமானில் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் ஆகிய மூன்றும் இயல்பாக ஒரு தொடராக அமைகின்றன (இவற்றின் இன்றைய அதிகாரப்பூர்வப் பெயர்கள் ஸ்ரீ விஜயபுரம், ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு). தாய்லாந்து வளைகுடாவில் சாமுயி, பங்கான், தாவ் ஆகியவையும் அப்படியே. ஆனால் தாய்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள புக்கெட்டையும் சாமுயியையும் ஒரே வாரத்தில் சேர்க்க நினைப்பவர்கள், தீபகற்பத்தின் இருபுறமும் உள்ள இரண்டு வெவ்வேறு கடல்களை ஒன்றாக முடிச்சுப் போடுகிறார்கள்.

வெவ்வேறு கடல் என்றால் வெவ்வேறு பருவம். குடும்பமாகப் போகிறவர்களுக்கு மாதத்தைப் பள்ளி விடுமுறையே முடிவு செய்துவிடுகிறது என்பதால், மாதத்தை முதலில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற தீவைத் தேடுவதே முறை. பலர் அழகான படத்தைப் பார்த்துத் தீவைத் தேர்ந்துவிட்டு, கடைசியில் வானிலையைப் பார்க்கிறார்கள். புக்கெட், கிராபி, பீ பீ ஆகியவை இருக்கும் தாய்லாந்தின் அந்தமான் கடற்புறத்தில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கொந்தளிக்க வைக்கும். அங்குள்ள சிமிலன் தீவுகள் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை பார்வையாளர்களுக்கு மூடப்படுவதும் அதனால்தான். சாமுயிப் பக்கத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையே பெருமழை. மலேசியாவின் கிழக்குக் கரையிலுள்ள பெர்ஹென்தியன் தீவுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலான விடுதிகள் மூடிக்கிடக்கும். கரீபியனில் அதிகாரப்பூர்வச் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. தெற்கே ஒதுங்கியிருக்கும் அருபா, பொனைர், குராசாவ் ஆகியவற்றைச் சூறாவளி தொடுவது அரிது. மழை இல்லாத மாதமெல்லாம் கடல் அமைதியாக இருக்கும் மாதம் என்றும் எண்ணிவிடக் கூடாது. பாலியில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் வறண்ட, இனிமையான மாதங்கள். ஆனால் தென்கிழக்குக் காற்று வலுத்திருக்கும் அந்தக் காலத்தில்தான் லொம்போக்குக்கும் நூசா பெனிடாவுக்கும் போகும் வேகப்படகுகள் அதிகம் தூக்கிப் போடும்.

இதை வெறும் சௌகரியக் குறைவாக மட்டும் நினைக்க வேண்டாம். 2018 ஜூலை 5 அன்று புக்கெட் அருகே ஃபீனிக்ஸ் என்ற சுற்றுலாப் படகு புயற்காற்றில் மூழ்கியதில் 47 பேர் இறந்தனர். அந்தப் படகின் கட்டுமானக் குறைகளும் பின்னர் விசாரணைக்கு வந்தன என்றாலும், கடல் மோசமாக இருக்கும் என்ற எச்சரிக்கை ஏற்கெனவே வெளியாகியிருந்தது. பணம் கட்டிவிட்டோம், நாள் வீணாகிவிடும் என்ற எண்ணம் இறங்குதுறையில் நிற்கும் ஒருவரைப் படகில் ஏற்றிவிடும். திட்டத்தில் ஒரு நாள் சும்மா விடப்பட்டிருந்தால், ஏற மாட்டேன் என்று சொல்வது எளிதாகும்.

படகு ரத்தாவதையும் திட்டத்துக்குள்ளேயே வைத்துப் பார்க்க வேண்டும். 2016 டிசம்பரில், பின்னர் வர்தா புயலாக வளர்ந்த தாழ்வு மண்டலத்தால் கப்பல்கள் நின்றுபோக, ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போக வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட நிலையில் மருத்துவராக என் கவலை விமானச் சீட்டைப் பற்றியது அன்று. இரத்த அழுத்த மாத்திரையையும், வலிப்பு மாத்திரையையும், ஆஸ்துமா இன்ஹேலரையும் பயண நாட்களுக்குச் சரியாக எண்ணி எடுத்துப்போனவர்களைப் பற்றியது. பயணம் ஒரு வாரம் என்றால் மருந்து இரண்டு வாரத்துக்கு இருக்கட்டும், அதுவும் கைப்பையில், மருந்துச் சீட்டின் நகலோடு. திரும்புவதற்கு முந்தைய இரவை விமான நிலையம் உள்ள தீவிலேயே கழிக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை; காலைப் படகைப் பிடித்து மதிய விமானத்துக்கு ஓடும் திட்டம் எதையும் நான் ஏற்பதில்லை. மாலத்தீவுக்குப் போகிறவர்கள் வந்து இறங்கும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். அங்கே கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கின்றன. மாலையில் இறங்கும் குடும்பம் மாலேயில் ஒரு இரவு தங்கவோ, படகில் போகக்கூடிய தீவைத் தேர்ந்தெடுக்கவோ வேண்டியிருக்கும்.

அடுத்தது படகு. வேகப்படகின் முன்பகுதியில் காற்று வரும், காட்சி தெரியும். அதனால் எல்லோரும் அங்கேதான் உட்கார விரும்புகிறார்கள். ஆனால் அலைமேல் ஏறி இறங்கும்போது மிகக் கடுமையான அடி விழுவதும் அங்கேதான். உட்கார்ந்த நிலையில் மேலே தூக்கியெறியப்பட்டு இருக்கையில் வந்து விழும்போது முதுகெலும்பின் கீழ்ப்பகுதி நசுங்கி முறிவது மருத்துவ உலகில் நன்கு அறியப்பட்ட காயம். நல்ல உடற்கட்டு உள்ளவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. எலும்பு அடர்த்தி குறைந்த முதியவர்களையும், முதுகில் ஏற்கெனவே சிக்கல் உள்ளவர்களையும், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களையும் படகின் பின்பகுதியில்தான் உட்கார வைக்க வேண்டும். முடிந்தால் அவர்களுக்காகவே பெரிய, மெதுவான கப்பலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கர்ப்பிணிகளைப் பல வேகப்படகுகள் ஏற்றிக்கொள்வதே இல்லை. இதைத் துறையில் போய்த் தெரிந்துகொள்ளக் கூடாது. குழந்தைகளுக்கான லைஃப் ஜாக்கெட் எடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கானதை மாட்டிவிட்டால், குழந்தை நீரில் விழும்போது ஜாக்கெட் மட்டும் தலைக்கு மேலே கழன்று வந்துவிடும்; சிறு குழந்தைகளுக்குக் கால்களுக்கு இடையே வார் உள்ள வகையே பாதுகாப்பு. படகில் இருக்குமா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். தெளிவான பதில் இல்லையென்றால் சொந்தமாக ஒன்று வாங்கி எடுத்துப்போவதில் தவறில்லை.

கடற்பயணக் குமட்டல் இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளை அதிகம் வாட்டும். கைக்குழந்தைகளுக்கு அரிதாகவே வரும். இதற்கான மாத்திரைகளைப் பயணத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு கொடுப்பது பெரும்பாலும் மாத்திரையையும் சேர்த்து வாந்தியெடுக்க வைப்பதில்தான் முடியும். சில குழந்தைகளுக்கு இவை தூக்கத்தையும், வேறு சிலருக்கு நேர்மாறாக அமைதியின்மையையும் தரும் என்பதால், ஊரை விட்டுக் கிளம்பும் முன் வீட்டிலேயே ஒரு முறை கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். புரோமெத்தசின் போன்றவற்றை இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. கண் அழுத்த நோயோ புராஸ்டேட் வீக்கமோ உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றை எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரிய கப்பலில் நடுப்பகுதியின் கீழ்த்தளமே குறைவாக ஆடும் இடம். அடிவானத்தைப் பார்த்தபடி இருக்கச் சொல்லி, கைபேசியைப் பையில் போட்டுவிடுங்கள் (குழந்தைகளைவிடப் பெற்றோரிடம் இதைச் சொல்லவேண்டிய தேவை அதிகம்). வயிறு காலியாகவும் இருக்கக் கூடாது, நிரம்பியும் இருக்கக் கூடாது.

எந்தத் தீவானாலும் அறையை உறுதி செய்வதற்கு முன் விடுதிக்கு ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்புங்கள்: நள்ளிரவில் குழந்தைக்கு மூச்சுத்திணறல் வந்தால் எந்த மருத்துவமனைக்கு, எப்படி, எவ்வளவு நேரத்தில் போகலாம்? சிறு தீவுகள் பலவற்றில் முதலுதவி மையம் மட்டுமே இருக்கும். இரவில் படகும் இருக்காது. கைக்குழந்தை உள்ளவர்களும், இதய நோயாளிகளும், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருப்பவர்களும் அந்தப் பதிலை வைத்தே தீவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காப்பீட்டுப் பத்திரத்தில் அவசர மருத்துவ வெளியேற்றத்துக்கு இடம் உண்டா என்று பாருங்கள். அதோடு, உரிய ஓட்டுநர் உரிமம் இல்லாமல் வாடகை ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தால் பல காப்பீடுகள் பணம் தருவதில்லை. கடலுக்கு அஞ்சிக்கொண்டே கிளம்பும் குடும்பங்கள், கரையில் அந்த ஸ்கூட்டரில்தான் முழங்காலையும் விடுமுறையையும் உடைத்துக்கொள்கின்றன.

ஸ்கூபா டைவிங் செய்ய விரும்புகிறவர் குடும்பத்தில் இருந்தால், அதை முதல் தீவில் வைத்துவிடுங்கள். ஒரு முறை மட்டும் மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை அல்லது பல நாட்கள் மூழ்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது. இரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் அழுத்தம் குறையும்போது குமிழிகளாக வெளிப்படும் ஆபத்து உண்டு. சின்னக் கடல் விமானத்துக்கும் இதே விதிதான். குழாய் வழியே மூச்சுவிட்டபடி நீர்ப்பரப்பில் மிதக்கும் ஸ்னோர்கெலிங்கை, மூழ்குவதே இல்லையே என்று எளிதாக எண்ணிவிடுகிறார்கள். ஆனால் ஹவாயில் கடலில் இறக்கும் சுற்றுலாப் பயணிகளில் ஸ்னோர்கெலிங் செய்தவர்கள் பெரும்பங்கு. இதய நோயும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் முதலில் இதற்காகவே மருத்துவரைப் பார்ப்பதும், காலூன்றி நிற்கக்கூடிய ஆழத்தில் துணையோடு இறங்குவதும் நல்லது.

நீரில் நேரும் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வட ஆஸ்திரேலியா, தாய்லாந்து போன்ற, பெட்டி ஜெல்லிமீன் உள்ள கரைகளில் வினிகர் புட்டிகளை வைத்திருப்பார்கள். கொட்டிய இடத்தில் குறைந்தது 30 விநாடிகள் அதை ஊற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீரில் கழுவக் கூடாது. முட்களில் நஞ்சுள்ள கல்மீன் குத்தினால் தாங்கக்கூடிய அளவு சூடான, ஏறக்குறைய 45 டிகிரி வெந்நீரில் காலை வைக்க வேண்டும். பவளப்பாறையில் கிழித்த சிறு கீறலும் எளிதில் சீழ் பிடிக்கும் என்பதால் டெட்டனஸ் ஊசி நடப்பில் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வெயில் களிம்பைவிட நிழலே மருந்து. மற்றவர்களுக்குக் களிம்பு வாங்கும்போது ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் இல்லாததாகப் பாருங்கள்; பசிபிக் தீவு நாடான பலாவும், தாய்லாந்தின் கடல்சார் தேசியப் பூங்காக்களும் பவளப்பாறைகளைக் காக்க இவற்றைத் தடை செய்திருக்கின்றன, ஹவாயில் 2021 முதல் இவற்றை விற்கவும் தடை உண்டு.

தடுப்பூசிகளுக்கு வருவோம். ஹெப்படைட்டிஸ் ஏ, டைஃபாய்டு ஊசிகளைக் கிளம்புவதற்குக் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்பாவது போட்டுக்கொள்வது நல்லது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். ஆகவே கொசுவலையைவிட உடலில் பூசும் கொசுவிரட்டியே அதிகம் உதவும். கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும், போகும் தீவில் கருவைப் பாதிக்கக்கூடிய ஜிகா வைரஸின் பரவல் உண்டா என்று விசாரித்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

கொசு கடித்த 4 முதல் 10 நாட்களில் டெங்கு வெளிப்படுவதால், ஒரு வாரப் பயணத்தில் அது வீடு திரும்பிய பின்பே தெரியவரலாம். அப்போது காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபெனும் இரத்தக்கசிவை அதிகரிக்கக்கூடும். மருத்துவரிடம் கடலுக்குப் போய்வந்தோம் என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தத் தீவில் எந்தத் தேதியில் இருந்தோம் என்று எழுதிக் கொடுங்கள். அந்தப் பட்டியலில் பப்புவா, சாலமன் தீவுகள், வனுவாட்டு போன்ற இடங்கள் இருந்தால், பயணம் முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தாலும், காய்ச்சல் வந்த அன்றே மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.